கிளிஞ்சல் மேட்டிலிருந்து ஓர் அழைப்பு

ஜூன் 3, செவ்வாய்

பேச ஆரம்பித்துவிட்டேன். இந்தப் போனில் சிவப்புப் புள்ளியை அழுத்திவிட்டு வாயைத் திறந்தால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும் என்று இதைக் கொடுத்த பெனிட்டா சொல்லியிருக்கிறாள். வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் கண்டதை எழுதுகிறதாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பார்களே, அந்தத் தமிழில் பேசுகிறேன். வண்டியில் ரேடியோவைக் கட்டி வைத்துக் காலமெல்லாம் கேட்ட தமிழ்தான், வந்துவிடும். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே சொல்வேன். அதை மெஷின் தப்பாக எழுதினால் திருத்துவது பெனிட்டாவின் பாடு.

முதலில் ஒன்று. என் பெயர் தணிகாசலம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சுமை ஏற்றி மிதித்தவன். நான் பொய்யன் இல்லை.

போன மாதம் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இந்தப் பெண் பெனிட்டா படியேறி வந்தாள். ஆம்புலன்ஸுக்குப் பொய்யாக வருகிற அழைப்புகளைக் குறைக்க ஓர் ஆப் செய்கிறார்களாம். பொய்யாகக் கூப்பிட்டவர்களிடமே பேசி, ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு செய்வார்களாம். அந்த வரிசையில் என் நம்பரும் இருக்கிறதாம்.

"செருப்பு பிஞ்சிரும்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. கம்ப்யூட்டர்ல அப்படிப் பதிஞ்சிருக்கு."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரை இட்டுனு வந்து என் எதிர்ல நிக்க வை. நான் பேசிக்கிறேன்."

சிரித்தாள். சிரித்ததால் உட்காரச் சொன்னேன். கடைசியில் பேசி முடித்தோம். நான் ஒரு மாதம் தினமும் பேசி வைக்க வேண்டும். அவள் என் அழைப்பின்மேல் இருக்கிற 'பொய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மெய்' என்று மாற்ற வேண்டும்.

"முயற்சி பண்றேன் ஐயா."

"முயற்சியெல்லாம் வாணாம். மாத்து."

நடந்தது இதுதான். பொங்கலுக்கு மறுநாள், மத்தியானம். என் சம்சாரம் தேசம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், தட்டை அப்படியே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேர்வை ஊற்றியது. நான் ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். என்ன பிரச்சினை என்றாள். சொன்னேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றாள். நான் இருக்கிற இடத்தைச் சொன்னேன். வீட்டுக்கு அடையாளம் கேட்டாள். மீன்பாடி தணிகாசலம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது என்றாள். வைத்தேன். என் ஞாபகத்தில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

வண்டி வரவில்லை. பக்கத்து வீட்டு டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் வருகிறது. 'உங்கள் எண்ணிலிருந்து பொய்யான அழைப்பு வந்துள்ளது, மீண்டும் இப்படிச் செய்தால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு குரல். ஆள் இல்லை, பதிவு செய்த குரல். அதைத் திட்டக்கூட முடியவில்லை.

ஜூன் 4, புதன்

மோட்டார் ரிப்பேர். மூன்று குடம் தூக்கினேன். முட்டி வலிக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 6, வெள்ளி

பெனிட்டா ஆப்பைக் காட்டினாள். எழுத்து தெரியாதவர்களுக்காகப் படம் போட்டிருக்கிறாள். இதயப் படம், தீப்படம், பாம்புப் படம், வயிறு பெருத்த பொம்பளைப் படம். தொட்டால் அந்தந்த ஆபத்து.

"வண்டி வராம போச்சுன்னா தொடறதுக்கு இன்னா படம்?" என்று கேட்டேன்.

"அது இல்லையே ஐயா."

"போடு. அதைத்தான் எங்க ஆளுங்க ஜாஸ்தி தொடுவாங்க."

எழுதிக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொன்னதையும் எழுதிக்கொள்கிற பெண். இந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பயம்.

பிறகு நிறம் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு போன் நம்பருக்கும் ஆப்பில் ஒரு நிறம் உண்டாம். பச்சை என்றால் கூப்பிட்ட உடனே வண்டி கிளம்பும். மஞ்சள் என்றால் முதலில் திருப்பிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், உண்மை என்று பட்டால்தான் அனுப்புவார்கள். என் நம்பர் மஞ்சள். எங்கள் ஆட்கள் இருக்கிற நான்கு கட்டிடங்களிலிருந்து பொய் அழைப்பு அதிகம் என்பதால் மொத்தத்தையுமே மஞ்சளாக்கலாமா என்று அவளுடைய பெரிய அதிகாரி யோசிக்கிறாராம்.

"பிரசவ வலின்னு போட்டா, திருப்பிக் கூப்ட்டு 'நெஜமாவே வலிக்குதா'ன்னு கேப்பீங்களா?"

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

இரவுக்கு ரசம் வைத்தேன். புளி தூக்கல். தேசம்மாள் புளியைக் கையால் தூக்கிப் பார்த்தே போடுவாள். நான் கண்ணால் பார்த்துப் போடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

டில்லிபாபுவுக்கு நான் போனில் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது. "இன்னா நைனா, யார்கிட்ட கடலை போடுற? அயித்தை போயி அஞ்சு மாசம்கூட முழுசா ஆவல" என்கிறான். "கவர்மென்டோட பேசிட்டிருக்கேன்டா, கம்முனு போ" என்றேன். "கவர்மென்ட்டு என்னாங்குது?" "உன் ஆட்டோவுக்கு எஃப்.சி. இருக்கான்னு கேக்குது." ஓடிவிட்டான்.

அவன் ஷேர் ஆட்டோவில்தான் மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். பெரிய ரோட்டில் நின்று "கிளிஞ்ச மேடு, கிளிஞ்ச மேடு, ஒரு ஆள் ஒரு ஆள்" என்று கத்துவான். எங்கள் ஆட்கள் ஏறுவார்கள். ஆற்றோரத்தில் எங்கள் குடிசைகளை இடித்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, கிளிஞ்சல் மேட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்து நான்கு கட்டிடத்தில் போட்டார்கள். அன்றைக்கே பெயரும் லாரியில் ஏறி வந்துவிட்டது. டீக்கடைக்காரன், பால்காரன், கந்துவட்டிக்காரன் எல்லோருக்கும் இது கிளிஞ்சல் மேடுதான்.

சுவரில் நம்பர் போட்டிருக்கிறார்கள். அதை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை. மனிதனுக்கு நம்பர் போடுகிற இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும், அங்கே கம்பி இருக்கும். தேசம்மாள் அப்படி இல்லை. சிலிண்டர்காரன் போன் பண்ணினால் பிளாக், மாடி, கதவு என்று வரிசையாக ஒப்பிப்பாள். "இன்னாடி, ஜெயிலர் கூப்பிட்டானா?" என்பேன். "ஆமாய்யா, உன் வீறாப்புல சோறு வேவாது, கேஸ் வரணும்" என்பாள்.

ஜூன் 11, புதன்

இன்று சண்டை.

பெனிட்டா பத்து மணிக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் வெயில். உட்காராமலேயே சொன்னாள்: "ஐயா, அன்னிக்கு வண்டி வந்துச்சு."

"எங்க வந்துச்சு?"

"வண்டி எங்கெங்க போச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னிக்கு நானே அந்த இடத்துக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்." போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். ஆறு. ஆற்றோரம் பச்சைக் கம்பி வேலி. உள்ளே நடக்கிற பாதை, சிமெண்டு பெஞ்சு, மூங்கில் மாதிரி பெயின்ட் அடித்த குப்பைத் தொட்டி.

எனக்குக் கொஞ்ச நேரம் அது எந்த இடம் என்று தெரியவில்லை. பாலத்தின் வளைவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குப்பைத் தொட்டி நிற்கிற இடம் எங்கள் வாசல்.

"வண்டி இங்க வந்து ரொம்ப நேரம் நின்னிருக்கு. டிரைவர் உங்க நம்பருக்கு திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கார். நீங்க எடுக்கல. ஆளே இல்லன்னு பொய் அழைப்புன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க."

போன் அடித்தது. ஆமாம். சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஒரு கையால் தலையைப் பிடித்திருந்தேன், இன்னொரு கையை அவள் பிடித்திருந்தாள். எந்தக் கையால் எடுப்பது?

"நீங்க அவங்ககிட்ட என்ன இடம்னு சொன்னீங்க ஐயா?"

"நான் இருக்கிற இடம். கிளிஞ்ச மேடு."

"கிளிஞ்சல் மேடு அங்கதானே இருக்கு?"

"அங்க இன்னா கீது? பெஞ்சி கீது. கிளிஞ்ச மேட்டு ஜனம் எங்க கீதோ அதுதாம்மா கிளிஞ்ச மேடு. பெஞ்சிக்கு நெஞ்சு வலிக்குமா?"

கத்திவிட்டேன். எதிர்வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. அவள் போட்டோவை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். அது களைகிற வேலையே இல்லை, ஏற்கெனவே களைந்த அரிசி.

ஜூன் 12, வியாழன்

பெனிட்டா போன் செய்தாள். எங்கள் நான்கு கட்டிடத்திலிருந்து போன 'பொய்' அழைப்புகளை எடுத்துப் பார்த்தாளாம். முக்கால்வாசி வண்டிகள் அந்தப் பூங்காவுக்குத்தான் போய் நின்றிருக்கின்றன. பூங்கா வாட்ச்மேன் அவளிடம் சொன்னாராம்: "ஆம்புலன்ஸ் இங்க வாக்கிங் வரும்மா. வரும், சுத்தும், போயிடும். நாங்களும் டாட்டா காட்டுவோம்."

அவளுக்குச் சொல்லும்போதே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

எங்கள் ஆட்களில் யாருமே பொய் சொல்லவில்லை. பதற்றத்தில் வாயில் வருவது எதுவோ அதுதான் வரும்.

ஜூன் 14, சனி

பெரிய அதிகாரி வந்தார். பெயர் ரகோத்தமன். மரியாதையான மனிதர், நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எல்லோரும் கூடினோம்.

விஷயம் புரிந்துவிட்டது என்றார். அதற்குத் தீர்வும் வைத்திருந்தார். மாடிக்கு மாடி போஸ்டர் ஒட்டுவார்கள். கூப்பிடும்போது பிளாக் நம்பர், மாடி நம்பர் சொல்ல வேண்டும். பொய் அழைப்பு குறைகிற வரைக்கும் நான்கு பிளாக்கும் மஞ்சளில் இருக்கும்.

"சார், பாம்பு கட்சவன் போஸ்டரைப் பட்சிட்டுத்தான் கூப்புடணுமா?" என்றேன்.

சனங்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பெரியவரே, மேப்புல கிளிஞ்சல் மேடுன்னா ஆத்தோரம்தான் காட்டுது. ஒரே பேருல ரெண்டு இடம் இருந்தா வண்டி எங்க போகும்?"

"ரெண்டு எடமா? ஒண்ணுல ஜனம் இருக்குது, ஒண்ணுல பெஞ்சி இருக்குது. வண்டி ஜனத்துக்கா, பெஞ்சிக்கா?"

"நைனா விடாத" என்று டில்லிபாபு பின்னாலிருந்து குரல் கொடுத்தான். விடவில்லை. எங்கள் வீட்டை இடிக்கும்போது பேரையும் இடித்துப் போட்டிருந்தால் நாங்கள் ஏன் தூக்கி வரப்போகிறோம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கெட்ட மனிதர் என்றால் பதில் சொல்லியிருப்பார்.

கூட்டம் கலைந்தபோது என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "உங்க விஷயம் பெனிட்டா சொன்னாங்க. கவலைப்படாதீங்க. பொய் அழைப்புன்னு மூடினது ஆறு மாசத்துல தானா அழிஞ்சிடும். அடுத்த மாசம் நடுவுல உங்க பேருல எந்தக் கறையும் இருக்காது. நம்பரும் பச்சையாயிடும்."

"இன்னா அழியும்?"

"எல்லாமே. நம்பர், நேரம், பேச்சுப் பதிவு."

"பேச்சுப் பதிவுன்னா?"

"நீங்க பேசினது. குரல்."

"கொரலுமா?"

"மெய்யான அழைப்பைத்தான் சார் வச்சிருப்போம்" என்று பெனிட்டா அவரிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீரை வாங்கி வந்தேன். ஆயவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பேச ஒன்றுமில்லை.

ஜூன் 16, திங்கள்

பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். அழியக்கூடாது. மெய் என்று மாற வேண்டும். அடுத்த மாதம் நடுவுக்குள்.

"அழிஞ்சாலும் கறை போயிடும்ல ஐயா? ஏன் மாத்தியே ஆகணும்?"

"நான் பொய் சொல்லல. அவ்ளோதான்."

"வேற காரணம் எதுவும் இல்லையா?"

"இல்ல."

அவளிடம் ஆஸ்பத்திரிக் காகிதம், இறப்புச் சான்று எல்லாம் கொடுத்தேன். பார்த்தாள். அது போதாதாம். நோயாளி இருந்தார் என்பதற்கு அது சாட்சி, ஆனால் சரியான இடத்துக்குக் கூப்பிட்டதற்குச் சாட்சி இல்லை. மூடின அழைப்பை மெய்யாக்க விதி ஒன்றுதான்: அந்தப் பேச்சுக்குள்ளேயே சரியான விலாசம் இருந்திருக்க வேண்டும். இருந்தால் தப்பு அலுவலகத்துடையது. இல்லாவிட்டால் கூப்பிட்டவருடையது.

"பதிவை நான் கேக்க முடியாது. கூப்பிட்டவங்க சம்மதிச்சு, நேர்ல வந்தாத்தான் போடுவாங்க. அதனால உங்களையே கேக்கறேன். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. கிளிஞ்சல் மேடுன்னு சொன்னீங்க. அதுக்குமேல பிளாக் நம்பர் ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லை" என்றேன்.

"ஒரு தடவைகூட?"

"நான் அந்த நம்பரைச் சொல்றதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

போய்விட்டாள். இன்று சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

டில்லிபாபுவிடம் ஆட்டோவுக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் மீதி இருந்தது. "மஞ்சள்ல போடுவோம்னுதான சொன்னாங்க, நாமளே போட்டுக்குவோம் நைனா" என்றான். ரோட்டைப் பார்த்த சுவரில் ஏணி போட்டு, ஆள் உயர எழுத்தில் 'கிளிஞ்சல் மேடு' என்று எழுதினான். நான்கு கட்டிடத்திலும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை பெரிது என்று தெரிகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன், அங்கிருந்தும் பெரிதாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். மூன்றாவது மாடி எலெக்ட்ரீஷியன் ஏகாம்பரம், "மேல லைட்டு ஒண்ணு போட்டுத் தர்றேன், ராத்திரியிலயும் தெரியட்டும்" என்றான்.

ஜூன் 20, வெள்ளி

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். அரசாங்கச் சுவரில் எழுதக்கூடாதாம்.

ஜூன் 21, சனி

திரும்ப எழுதிவிட்டோம். இந்தத் தடவை மூன்றாவது மாடிச் சுவரில். அவர்கள் ஏணி அங்கே எட்டாது.

ஜூன் 22, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. தேசம்மாளின் புடவைகளை டில்லிபாபுவின் அம்மாவுக்குக் கொடுக்க எடுத்து வைத்தேன். பிறகு திரும்ப உள்ளே வைத்தேன். ஒரு மனிதன் செத்துப்போனால் புடவை மீதி இருக்கும், மூக்குத்தி மீதி இருக்கும். அவளை யாரும் போனில் படம்கூடப் பிடித்ததில்லை. "இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்" என்று கையால் மறைத்துக்கொள்வாள்.

பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். "பதிவைப் போடச் சொல்லு. நான் வரேன்" என்றேன்.

"அதுல விலாசம் இல்லன்னா, உங்க முன்னாடியே பொய்னு உறுதியாகிடும் ஐயா. அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

"போடச் சொல்லு."

ஜூன் 26, வியாழன்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். டில்லிபாபு சவாரி எடுக்காமல் கொண்டுபோய் விட்டான். கட்டுப்பாட்டு அறை என்றால் ஏதோ பெரிய மெஷின் இருக்கும் என்று நினைத்தேன். வரிசையாகப் பெண் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் "எங்க இருந்து பேசுறீங்க, எங்க இருந்து பேசுறீங்க" என்கிறார்கள். அது மழை மாதிரி கேட்கிறது.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். ரகோத்தமன் சார், பெனிட்டா, நான். காதில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுத்தார்கள். வேண்டாம், சத்தமாகப் போடுங்கள் என்றேன்.

போட்டார்கள்.

"வணக்கம், ஆம்புலன்ஸ் அவசர உதவி. என்ன பிரச்சினை?"

"எம் பொண்டாட்டிக்கு நெஞ்சை அடைக்குதும்மா. சீக்கிரம் வண்டி அனுப்பு."

"எங்க இருந்து பேசுறீங்க?"

"கிளிஞ்ச மேடு."

"கிளிஞ்சல் மேடு… சரிங்க, மேப்ல வருது. வீட்டுக்கு அடையாளம்?"

"மீன்பாடி தணிகாசலம்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அப்புறம் அவள் குரல். தூரத்தில், தரையிலிருந்து. மூச்சு வாங்கி வாங்கி.

"யோவ்… முப்பத்திரண்டாவது பிளாக்குன்னு சொல்லுய்யா… ரெண்டாவது மாடி…"

"நீ கம்முனு படு. அவங்களுக்குத் தெரியும்."

"வண்டி கிளம்பிடுச்சுங்க ஐயா."

அவ்வளவுதான். பிறகு ஊ என்று ஒரு சத்தம்.

பெனிட்டா மேசையைப் பார்த்தாள். ரகோத்தமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "ஐயா, தண்ணி ஏதாவது…" என்று ஆரம்பித்தார்.

"வெலாசம் வந்துச்சா, இல்லையா?" என்றேன்.

"ஐயா…"

"பிளாக்கு வந்துச்சு. மாடி வந்துச்சு. உங்க பதிவுக்குள்ளயே வந்துச்சு. சார் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"அந்தப் பொண்ணு காதுல விழலன்னா அது யார் தப்பு? உங்க விதி இன்னா சொல்லுது?"

அவர் பெனிட்டாவைப் பார்த்தார். "விதிப்படி கூப்பிட்டவர் சொல்லணும்னு இல்ல சார்" என்றாள் அவள். "பேச்சுக்குள்ள இருக்கணும்னுதான் இருக்கு."

"அப்ப மாத்துங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "மாத்தறோம். ஆனா ஒண்ணு உங்ககிட்டச் சொல்லணும். மெய் அழைப்பு, அதுவும் இடம் தவறிப்போன அழைப்புன்னா, புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்குப் பாடமாப் போட்டுக் காட்டுவோம். பின்னால கேக்கற குரலையும் கவனிக்கணும்னு சொல்றதுக்கு. வருஷா வருஷம் நூறு பேர் கேப்பாங்க. நீங்க… நீங்க சொன்னதும் அதுல இருக்கும். உங்களுக்கு அது பரவாயில்லையா?"

"கேக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இன்னா யோசிக்கறது? நல்லா சத்தமா வெச்சுக் காட்டுங்க. அவ கொரல் சின்னது."

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார்கள். மூன்றாவது தடவை போடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது டில்லிபாபு பாட்டுப் போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வீடு கூட்டினேன். கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரனிடம் பேச டில்லிபாபுவைக் கூப்பிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பெனிட்டா ஆப்பில் புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். கிளிஞ்சல் மேடு என்று சொன்னால் இரண்டு படம் வருகிறது. ஒன்றில் பெஞ்சு, ஒன்றில் கட்டிடம். கட்டிடத்தைத் தொட்டால் வண்டி இங்கே வரும். போனில் பேசுகிற பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஒன்று முன்னால் வருமாம், அவர்கள் கேட்பார்களாம். எங்களைப் போல இங்கே கொண்டுவந்து கொட்டிய மற்றவர்களின் பழைய இடத்துப் பெயர்களையும் தேடித் தேடிச் சேர்க்கிறாள். மஞ்சளை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

ரகோத்தமன் சார் போஸ்டரும் ஒட்டச் சொல்லிவிட்டாராம். ஒட்டட்டும். பெயின்ட்டும் இருக்கும், போஸ்டரும் இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

காலையில் ஏகாம்பரம் மோட்டார் அறையில் வேலை பார்க்கும்போது கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. அவன் பெண்டாட்டி போன் போட்டாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "தெரியலியே, கிளிஞ்ச மேடுன்னேன், அந்தப் பொண்ணு 'ஆத்தோரமா, பிளாக்கா'ன்னு கேட்டுச்சு, பிளாக்குன்னேன்" என்றாள். வண்டி வந்தது. டிரைவர் இறங்கும்போதே மூன்றாவது மாடிச் சுவரை அண்ணாந்து பார்த்தான். ஏகாம்பரம் போட்ட லைட்டு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

பிழைத்துவிட்டான். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "லைட்ட அமத்துங்கடா, கரண்ட் பில்லு யார் கட்டறது" என்று சத்தம் போட்டான்.

நான் டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன்.

ஜூலை 5, சனி

இன்று இந்தப் போனைத் திருப்பிக் கொடுக்கிறேன். பெனிட்டா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு. என் அழைப்பு மெய் என்று மாறிவிட்டது. அழியாது. எப்போது கேட்க வேண்டுமென்றாலும் வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் கொடுத்திருக்கிறார்கள். தேசம்மாளின் மூக்குத்தி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

நான் பேசியதையெல்லாம் அச்சடித்துக் கொண்டுவந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள எனக்கே படித்துக் காட்டினாள். பதினாறாம் தேதி வந்ததும் நிறுத்தினாள்.

"ஐயா, இந்த எடத்துல பிளாக் நம்பர் சொன்னீங்களான்னு நான் கேட்டிருக்கேன். நீங்க இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்."

"ஆனா பதிவுல இருக்கே. இதை மட்டும் மாத்திடலாமா?"

"எதுக்கு மாத்தணும்?"

"யாராவது படிச்சா…"

"படிக்கட்டும். நான் இல்லன்னு சொன்னது மெய்தான். நான் சொல்லல." தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "அவதான் சொன்னா."